பந்தியில் குரல் உயர்த்தியது பாவமா?

கேள்வி: நான் தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்து 14 வருஷம் ஆகிறது. பக்கத்து ஊரில் உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாமனார் சபைக் கமிட்டியில் இருக்கிறார். போன மாதம் எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், நடந்ததை எழுதுகிறேன். எங்கள் சபையில் தெற்குத் தெருவைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் எங்களைப் போலவே சபைக்கு வரி கட்டுகிறார்கள். ஆனால் அசனத்துக்குக் காய் நறுக்க அவர்களைக் கூப்பிடுவதில்லை. பரிமாற விடுவதில்லை. கடைசிப் பந்தியில்தான் உட்கார வைப்பார்கள். அண்டா கழுவ மட்டும் அவர்களைக் கூப்பிட ஆள் போகும். இந்த வருஷம், என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அந்தத் தெருப் பிள்ளை ஒருத்தி ரச வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் பந்தியில் ஊற்ற வந்துவிட்டாள். பெரியவர் ஒருவர் வாளியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "நீ போய் இரும்மா, கூப்பிடும்போது வா" என்றார். அவள் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தாங்கவில்லை. "கர்த்தருடைய வீட்டுச் சாப்பாட்டிலயும் சாதியா? உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். பந்தி அப்படியே நின்றது. மாமனார் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. கமிட்டி முன் மன்னிப்புக் கேட்டு விஷயத்தை முடி என்கிறார் கணவர். அடுத்த ஞாயிறு குருவானவர், "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனத்தில் பிரசங்கம் செய்தார். பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நான் செய்தது பாவமா? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? தேவனுக்குப் பிரியமானதைச் செய்திருந்தால் மனதில் சமாதானம் இருக்க வேண்டுமே, எனக்கு ஏன் இல்லை?

— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசியது பாவமில்லை. ஆனால் பேசியதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, திருத்த வேண்டியதாக இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் கமிட்டியிலும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: இத்தனை வருஷம் சமாதானமாக இருந்த சபை, நீங்கள் வாய் திறந்ததும் கெட்டுப்போனது. நீங்களும் அதைப் பாதி நம்பிவிட்டீர்கள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. சரி, சமாதானம் என்றைக்குக் கெட்டது என்று தெற்குத் தெருவில் போய்க் கேட்டால் போன மாதத் தேதியைச் சொல்வார்களா? அவர்கள் வீட்டுத் தாத்தா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, நல்ல வேட்டி கட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் அசனத்துக்கு வந்த நாளைச் சொல்வார்கள். அன்றைக்கு "கூப்பிடும்போது வா" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதற்கப்புறம் சபையில் இருந்தது ஒரு பக்கத்தார் பொறுத்துக்கொண்டதால் கிடைத்த அமைதி. அதற்கான விலையை அவர்கள் கொடுத்தார்கள், சாப்பாட்டை நாம் சாப்பிட்டோம்.

எரேமியா தீர்க்கதரிசி இதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். "சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம் என்று சொல்லி" ஜனத்தின் காயங்களை "மேற்பூச்சாய்" குணமாக்குகிறார்கள் என்கிறார். மேற்பூச்சு. நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் என்ன அழகாகப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, உள்ளே என்ன இருந்தாலும் வெளியே வெள்ளை. அந்த வசனத்தில் எரேமியா திட்டுவது கலகக்காரர்களை இல்லை. தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும். அதாவது என்னைப் போன்றவர்களை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 34 வருஷம் குருவானவராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு குடும்ப ஆலோசனை செய்துகொண்டிருக்கிறேன். நான் பொறுப்பேற்ற இரண்டாவது சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தில்), எனக்கு முப்பது வயதுகூட ஆகாத காலத்தில் நடந்தது இது. உங்கள் தெற்குத் தெரு போன்ற ஒரு தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் நேர்வழி பெரிய தெரு வழியாக. அன்று மதியம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து, "ஐயா, பெரிய தெரு வழியா கொண்டுபோனா பிரச்சினை வரும். வரப்பு வழியா கொண்டுபோயிடலாம், எல்லாருக்கும் நல்லது" என்றார்கள். நான் சரி என்றேன். மழை பெய்து வரப்பு வழுக்கியது. அங்கி நனையாமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். நடுவில் தூக்கி வந்தவர்களில் ஒருவர் கால் சறுக்கி, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, எப்படியோ கீழே விழாமல் பிடித்துவிட்டார்கள். இறந்தவருடைய மூத்த மகன் அந்தப் பெட்டிக்கு அடியில் தோள் கொடுத்தபடி என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாத அறிக்கையில், "அடக்க ஆராதனை சமாதானமாய் நடந்து முடிந்தது" என்று எழுதினேன். அந்த வரியை எழுதிய கை இது. அந்த மூத்த மகன் அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. பல வருஷம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் என்னை அடையாளம் கண்டு, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். அந்த மழை நாளைப் பற்றி இருவருமே பேசவில்லை. நான் பேசியிருக்க வேண்டும்.

அதனால்தான் உங்கள் குருவானவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்திருப்பார். ஆனால் அவர் எடுத்த வசனத்தில் அவருக்கே ஒரு கேள்வி இருக்கிறது. "சமாதானம்பண்ணுகிறவர்கள்" என்றுதான் இயேசு சொன்னார். இல்லாத ஒன்றைத்தான் பண்ண வேண்டியிருக்கும். பண்ணும்போது சத்தம் வரும், தூசி கிளம்பும். அதே மத்தேயுவில் ஐந்து அதிகாரம் தள்ளி, "சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்" என்று சொன்னவரும் அவர்தான். அடுத்த வசனத்தில் யார் யாருக்குள் பிரிவினை வரும் என்று சொல்லும்போது "மருமகளுக்கும் மாமிக்கும்" என்று வருகிறது. உங்கள் அடுப்படி அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் தயவுசெய்து இந்த வசனத்தை அத்தையிடம் காட்டாதீர்கள். பேதுரு நிஜமாகவே பட்டயத்தை உருவியபோது, "உன் பட்டயத்தைத் திரும்ப அதன் உறையிலே போடு" என்றார் இயேசு. அவர் சொன்ன பட்டயம் அவரைப் பின்பற்றுகிறவர்கள் மேல் வந்து விழுவது. அவர்கள் கையில் எடுத்து வீசுவதற்கு இல்லை.

உங்கள் விஷயத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் இடம் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அதுவும் பந்தி விவகாரம்தான். அந்தியோகியா சபையில் யூதரும் புறஜாதியாரும், அதாவது யூதரல்லாதவர்களும், சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேதுருவும் சாப்பிட்டார். எருசலேமிலிருந்து அங்கே சபைத் தலைவராயிருந்த யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்தார்கள். புறஜாதியாரோடு யூதர் உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்குப் பிடிக்காது. வந்ததும் பேதுரு "பயந்து, விலகிப் பிரிந்தான்" என்று எழுதியிருக்கிறது. அவர் யாரையும் திட்டவில்லை, விரட்டவில்லை. இலையை வேறு வரிசைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். மற்ற யூதர்களும் மாறினார்கள். பர்னபாவும் மாறினார். எவ்வளவு அமைதியாக நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் பிட்டவர் இன்றைக்கு அங்கே போய் உட்காருகிறார், யாரும் காரணம் சொல்லவில்லை. புறஜாதியார் கேட்டிருந்தால், "அதெல்லாம் ஒன்றுமில்லை, வந்தவர்கள் மனம் கோணக் கூடாது, சபையில் சமாதானம் வேண்டும்" என்றுதான் பதில் வந்திருக்கும்.

பவுல் என்ன செய்தார்? "முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்" என்கிறார். அதுவும் எல்லாருக்கும் முன்பாக. உங்கள் கமிட்டியில் யாராவது மத்தேயு 18ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். குற்றம் கண்டால் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்று இயேசு சொல்லியிருக்க, நீ எப்படிச் சபை நடுவில் பேசலாம் என்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அங்கே இயேசு சொல்வது உன் சகோதரன் உனக்கு விரோதமாகச் செய்த குற்றத்தை. உங்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. பொதுவில், பந்தி நடுவில், ஒரு பிள்ளைக்குச் செய்தார்கள். பொதுவில் இலை மாறியதால் பவுலும் பொதுவில் பேசினார். தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தால் பேதுருவின் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். அந்த வரிசையில் தனியாக விடப்பட்டு உட்கார்ந்திருந்தவர்களின் மானத்தை யார் காப்பாற்றியிருப்பார்கள்?

இப்போது அந்த ஒரு வார்த்தை.

பவுல் பேதுருவைக் கண்டித்துவிட்டு அடுத்துப் பேசும்போது "யூதராயிருக்கிற நாமும்" என்று பேசுகிறார். நாமும். தன்னையும் அந்த வரிசையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். நீங்கள் சொன்னது, "உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்லையா?" சகோதரி, 14 வருஷம் அந்த ஊரில் இருக்கிறீர்கள். 14 அசனம். இதுவரை எந்தப் பந்தியில் சாப்பிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மாமனார் கமிட்டியில் இருக்கும் வீட்டு மருமகள் முதல் பந்தியிலோ இரண்டாவது பந்தியிலோதான் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். சரியாக இருந்தால், அந்த வார்த்தை "நமக்கெல்லாம்" என்று வந்திருக்க வேண்டும். உங்கள் மாமனார் இலையை மடித்தது நீங்கள் சொன்ன விஷயத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தன் வீட்டுப் பெண் தன்னை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, அவள் மட்டும் இன்னொரு பக்கம் நின்றுகொண்டு பேசுகிறாள் என்ற காயமும் அதில் இருந்திருக்கும். தீர்ப்புச் சொல்ல ஒருவர் எதிரே ஏறி நின்றால், கேட்பவர்களுக்குத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றும். அது மனித சுபாவம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மன்னிப்புக் கேளுங்கள், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும். கமிட்டி கூப்பிட்டால் போங்கள். "‘உங்களுக்கெல்லாம்’ என்று சொன்னது தப்பு. நானும் 14 வருஷம் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தான். ‘நமக்கெல்லாம் வெட்கமாக இல்லையா’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு என்னை மன்னியுங்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். சொன்ன விஷயத்தை வாபஸ் வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். நடந்தது நடந்ததுதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் இதையே எழுதுங்கள்.

இது நம் சபைகளுக்குப் புதிய சண்டை இல்லை. 1833 இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில், ஆனாலும் கதை நமக்கும் சேர்த்துத்தான். அரண்மனை உத்தியோகத்தில் இருந்த நீலகண்டன், தேவசகாயம் என்ற பெயரில் 1745 இல் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில். எல்லாச் சாதியாரையும் சமமாக நினைத்துப் பழகியவர். 1752 இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 இல் வத்திக்கானில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அதே வடக்கன்குளத்தில் 1872 இல் கோயில் கட்டியபோது அதை இரண்டு கூடங்களாகக் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடம் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார் முதலானவர்கள். ஒரு பக்கத்தார் கண்ணில் மறுபக்கத்தார் படாமல் பூசை பார்க்கலாம். எதற்காக அப்படி? சண்டை வராமல் இருக்கத்தான். சமாதானத்துக்காகக் கட்டிய சுவர் அது. 1910 இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தபோது, ஊர் அமைதியைக் கெடுத்தவர் என்ற பெயர் அவருக்குத்தான் வந்திருக்கும். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனி இடம் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. எபேசியர் நிருபத்தில் கிறிஸ்துவை "நம்முடைய சமாதான காரணராகி" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் "நடுச்சுவரைத் தகர்த்து" என்று எழுதியிருப்பதை அந்த ஊர் நினைவோடு வாசித்தால் வேறு மாதிரி கேட்கிறது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தில் கிதியோன் ஒரு பலிபீடம் கட்டி அதற்கு "யெகோவா ஷாலோம்" என்று பெயர் வைக்கிறான். கர்த்தர் சமாதானமானவர் என்று அர்த்தம். நம் வீட்டு நிலைப்படிகளில்கூட ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறோம். அடுத்த வசனம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? "அன்று ராத்திரியிலே." அதே ராத்திரி கர்த்தர் அவனிடம் சொல்கிறார், உன் தகப்பனுடைய பாகாலின் (ஊரார் கும்பிட்ட அந்நிய தெய்வத்தின்) பலிபீடத்தைத் தகர்த்துப்போடு. சமாதானம் என்று பெயர் வைத்த கையால், அன்றைக்கே, தகப்பன் வீட்டுப் பலிபீடத்தை இடிக்க வேண்டும். அவன் ஒன்றும் வீரன் மாதிரி போகவில்லை. தகப்பன் குடும்பத்தாருக்கும் ஊராருக்கும் பயந்ததால் பகலில் செய்யாமல் ராத்திரியில் செய்தான் என்று வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. காலையில் ஊரார் திரண்டு வந்து, உன் மகனை வெளியே கொண்டுவா, அவன் சாக வேண்டும் என்கிறார்கள். அப்போது அவனுக்காக வாசலில் நின்று பேசியது யார்? தகப்பன் யோவாஸ். யாருடைய பலிபீடம் உடைந்ததோ அவர். பாகால் தேவனானால் அவனே தனக்காக வழக்காடட்டும் என்று ஊரைத் திருப்பி அனுப்பினார். அந்த ஒரு ராத்திரியில் யோவாசுக்குள் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. ஒருவேளை அந்தப் பலிபீடத்தைப் பற்றி அவருக்கும் உள்ளூர ஒரு உறுத்தல் பல வருஷமாக இருந்திருக்கும், யாராவது முதலில் கை வைக்கட்டும் என்று இருந்திருப்பார்.

உங்கள் மாமனாருக்கு அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நடக்காமலும் போகலாம். ஆனால் அவரைக் கைவிட்டுவிடாதீர்கள். அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பது, மாத்திரையை ஞாபகப்படுத்துவது, எது வழக்கமோ அதை அப்படியே செய்யுங்கள். அத்தை பேசாவிட்டாலும் நீங்கள் பேசுங்கள்: சாப்பாடு ஆச்சா, கடைக்குப் போறேன் ஏதாவது வேணுமா, அவ்வளவு போதும். பதில் வராது. பரவாயில்லை. அத்தையும் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்தான் என்பதை மறக்காதீர்கள். அவருக்கும் ஒரு முதல் அசனம் இருந்திருக்கும். அங்கே எதைப் பார்த்தார், யாரிடம் வாயை மூடிக்கொள் என்ற பேச்சுக் கேட்டார் என்று நமக்குத் தெரியாது. என்றாவது ஒருநாள் கேட்க முடிந்தால் கேளுங்கள்.

கணவரிடம், "என் பக்கமா, உங்க அப்பா பக்கமா" என்று கேட்காதீர்கள். இந்த ஒரு கேள்வியால் உடைந்த வீடுகள் என் ஆலோசனை அறைக்கு நிறைய வந்திருக்கின்றன. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று பவுல் எழுதும்போது, கூடுமானால் என்றும் உங்களாலானமட்டும் என்றும் இரண்டு தடவை நிறுத்திச் சொல்கிறார். அந்தியோகியாவில் சண்டை போட்ட அதே பவுல்தான் அந்த வரியையும் எழுதினார். உங்களால் ஆனதைச் செய்யுங்கள். அத்தையின் மௌனத்துக்கு நீங்கள் பொறுப்பாளி ஆக முடியாது. பேதுருவின் இரண்டாம் நிருபத்தில், "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுலும்" என்று ஒரு இடம் வருகிறது. முகத்துக்கு நேரே கண்டித்தவரைப் பற்றி, பிரியமான சகோதரன் என்று. நடுவில் எத்தனை வருஷம் ஆனதோ.

மூன்றாவது கேள்வி, மனதில் ஏன் சமாதானம் இல்லை என்பது. "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்று இயேசு சொன்னது எந்த ராத்திரி? மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவன் காட்டிக்கொடுக்க எழுந்து போன ராத்திரி. சில நாள் முன்னால்தான், "இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது" என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் கெத்செமனேயில் முகங்குப்புற விழப்போகிறார். கலக்கத்தோடு இருந்தவர்தான் அந்தச் சமாதானத்தைக் கொடுத்தார். அதனால் தூக்கத்தை வைத்து தேவன் உங்களோடு இருக்கிறாரா இல்லையா என்று அளக்காதீர்கள். பெரிய தெருவில் அன்று ராத்திரி எல்லாரும் நன்றாகத்தான் தூங்கியிருப்பார்கள். நான்கூட அந்த அடக்க ஆராதனை முடிந்து வந்து நன்றாகத் தூங்கினேன். உறுத்தல் வர எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஆனால் உடம்பு உடம்புதான். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை என்றால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

மனசாட்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை வேறு. இதில் நான் ஜெயித்தாக வேண்டும் என்ற வெறி இருக்கிறதா? எதிரே இருப்பவர் அவமானப்பட்டால் உள்ளுக்குள் சந்தோஷம் வருமா? அடுத்த அசனத்தில் உங்கள் பேச்சால் எல்லாம் மாறி, ஆனால் பெயர் வேறு ஒருவருக்குப் போனால் ஏற்றுக்கொள்வீர்களா? இதற்கெல்லாம் உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு எழுத வேண்டாம். யாக்கோபு எழுதுகிறார், பரத்திலிருந்து வருகிற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளதாயும், பின்பு சமாதானமும்" உள்ளது என்று. அந்த வரிசையை நான் என் மேசைக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அடுத்த அசனத்தில் பேச வேண்டாம். கடைசிப் பந்திவரை பசியோடு காத்திருந்து, தெற்குத் தெருக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யாதீர்கள். சாப்பிட்டு முடித்து, அவர்கள் சம்மதித்தால், அண்டா கழுவவும் கை கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் கைப்பட எழுதிய நான்கு பக்கம். அதில் மாமனார் வருகிறார், அத்தை வருகிறார், கணவர், குருவானவர், கமிட்டி எல்லாரும் வருகிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று நான்கு வரியில் வந்துவிட்டு, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு போனவள், அப்புறம் வரவே இல்லை. அவள் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் இதுவரை பேசினீர்களா? நீங்கள் கத்தியது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, எல்லாரும் தன்னைப் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று இன்னும் கூசிப்போனாளா? அவள் அப்பா அம்மா என்ன நினைக்கிறார்கள்? தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது, கோயில் என்றும் சபை என்றும் அதில் பாகுபாடு இல்லை. அந்த வழியில் போவதா, பேராயத்துக்கு எழுதுவதா, சும்மா இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் முதலில் அவர்கள். அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக நாம் சண்டை போட்டால், அதுவும் வாளியை வாங்கி வைப்பது போலத்தான்.

கமிட்டிக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கணவரையும் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்தாமல் தனியாகப் போங்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது உட்கார்ந்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், பிள்ளையை அவசரமாகக் கடைக்கு அனுப்புவார்கள். டீ வரும். உட்கார்ந்து, முழுதாகக் குடித்துவிட்டு, அப்புறம் பேசுங்கள்.